ஆன்லைன் ஏஜென்ட் மூலம் இங்கிலாந்தில் வீடு விற்ற அனுபவம்

இங்கிலாந்தில் வீடு விற்க ஏஜென்ட் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீடு தேடுகிறவர்கள் முதலில் திறக்கும் ரைட்மூவ் தளத்தில் தனி ஆள் விளம்பரம் போட முடியாது. ஏஜென்ட் நிறுவனம்தான் போட முடியும். ஆன்லைன் ஏஜென்ட் என்ற தொழில் பிழைப்பதே பெரும்பாலும் இதை நம்பித்தான். கடைத்தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் ஏஜென்ட் விற்ற விலையில் பொதுவாக ஒன்று முதல் மூன்று சதவீதம் கமிஷன் கேட்பார், அதன் மேல் 20 சதவீதம் வாட் வரி. ஆன்லைன் ஏஜென்டுக்கு வீடு என்ன விலைக்குப் போனாலும் ஒரே கட்டணம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் சில ஆயிரம் பவுண்டு வந்தது. என் மனைவிக்கு அந்தக் கணக்கே போதுமாக இருந்தது. எனக்குத்தான், இவ்வளவு மலிவாக வாங்கிக்கொண்டு இவர்கள் என்ன வேலை செய்வார்கள் என்ற சந்தேகம். வாங்குபவரைக் கூட்டிவந்து நிறுத்தும் வரை நன்றாகவே செய்தார்கள். அதன் பிறகு நடந்த அத்தனையும் எங்கள் தலையில்தான் விழுந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சில விஷயங்களைத் துருவிப் பார்த்தோம். முதலாவது, பணம் எப்போது என்பது. பல நிறுவனங்கள் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் வாங்குகின்றன. ‘இப்போது கட்டவேண்டாம், பிறகு கட்டலாம்’ என்பதும் இனாம் அல்ல. நாங்கள் பார்த்த ஒரு திட்டத்தில் அது ஒரு நிதி நிறுவனத்திடம் வாங்கும் கடன். கூடவே, வீட்டை வாங்க விற்கத் தேவையான சட்ட வேலைகளைச் செய்யும் வழக்கறிஞரான சொலிசிட்டராக, அவர்கள் சொல்பவரைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சொலிசிட்டரிடமிருந்து ஏஜென்டுக்கு ஒரு தொகை போகும். அதைச் சொல்லிவிடவேண்டும் என்று விதி இருப்பதால் சொல்லியிருந்தார்கள், கண்ணுக்கு எளிதில் படாத எழுத்தில்.

முன்பணம் கட்டுவதில் இன்னொரு ஆபத்து, நிறுவனமே காணாமல் போவது. எமூவ் என்ற ஆன்லைன் ஏஜென்ட் நிறுவனம் 2018 டிசம்பரில் நொடித்துப் போனது. இந்தத் துறையில் பெரிய பெயராக இருந்த பர்ப்பிள்பிரிக்ஸ் 2023இல் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. இவற்றை மனத்தில் வைத்துத்தான் கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டினோம். நுகர்வோர் கடன் சட்டம் 1974இன் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ, விற்றவர் வாக்குத் தவறினால் கார்டு கொடுத்த நிறுவனமும் பொறுப்பேற்கவேண்டும். எந்த ஏஜென்டும் அரசு ஏற்ற ஒரு குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருப்பது கட்டாயம். எங்கள் ஏஜென்டின் பெயர் அப்படிப்பட்ட அமைப்பான ‘பிராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன்’ பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்டினோம்.

விலையைச் சொல்ல ‘உள்ளூர் நிபுணர்’ ஒருவர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்ன விலை எங்களை மகிழ்விக்கச் சொன்னது போலவே இருந்தது. எங்கள் தெருவில் எந்த வீடு எப்போது எவ்வளவுக்கு விற்றது என்பதை நிலப் பதிவேட்டு அலுவலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதை எடுத்து முன்னால் வைத்ததும் அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு நுணுக்கம் மட்டும் அவரிடமிருந்து கற்றேன். தேடுபவர்கள் விலையை வட்டத் தொகைகளில்தான் தேர்ந்தெடுப்பார்கள். 2,99,950 என்று போட்டால் ‘3,00,000 வரை’ என்று தேடுபவருக்கு மட்டும் தெரியும். 3,00,000 என்றே போட்டால் ‘3,00,000 முதல்’ என்று தேடுபவருக்கும் சேர்த்துத் தெரியும். துணிக்கடைக்காரர் போல ஐம்பது குறைத்துப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

விளம்பரம் வெளிவருமுன், வீடு எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று காட்டும் எரிசக்திச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்திருக்கவேண்டும். ஏ முதல் ஜி வரை தரம். பத்து ஆண்டுகள் செல்லும். பழையது காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும், புதிதாக எடுக்கத் தேவையில்லை. இணையத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைச் சொல்லாமலேயே புதிய சான்றிதழையும் கட்டணத்தோடு சேர்த்து விற்கப் பார்த்தார்கள்.

படம் எடுக்க வந்தவர் மிகவும் சுறுசுறுப்பானவர். சமையலறைத் தொட்டியருகே இருந்த சோப்பு பாட்டிலையும் கரித்துணியையும் தானே எடுத்து அலமாரிக்குள் வைத்தார், கழிப்பறை மூடிகளை எல்லாம் மூடினார், வெயில் அடிக்கும் வரை காத்திருந்து தோட்டத்தைக் கடைசியில் எடுத்தார். படங்கள் அழகாக வந்தன. ஆனால் விவரக் குறிப்பை எழுதியவர் வீட்டைப் பார்த்தவரே இல்லை. வடக்கு பார்த்த எங்கள் தோட்டம் தெற்கு பார்த்ததாகிவிட்டது. வெயிலுக்கு ஏங்கும் நாட்டில் தெற்கு பார்த்த தோட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால் சும்மா விட்டிருக்கலாம் என்று தோன்றும். விடக்கூடாது. விளம்பரத்தில் பொய் இருந்தால் சட்டச் சிக்கல். அது ஒருபுறம் இருக்க, பார்க்க வருகிறவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தால் நம் மற்ற பேச்சும் எடுபடாது. திருத்தம் சொல்லி எழுதினால் இரண்டு இடத்தில் மாற்றி, மூன்றாவது இடத்தில் அப்படியே விட்டிருந்தார்கள்.

வீட்டைக் காட்டும் வேலை எங்களுடையது. கூடுதல் பணம் கட்டினால் ஆள் அனுப்புவார்கள், நாங்கள் கட்டவில்லை. இதில் எனக்குப் புகார் இல்லை. கொதிகலன் எப்போது மாற்றியது, பக்கத்து வீட்டார் எப்படி, குளிர்காலத்தில் எந்த அறை சில்லிடும் என்ற கேள்விகளுக்கு கூலிக்கு வந்த ஆளைவிட நான்தான் நன்றாகப் பதில் சொல்ல முடியும். ஒன்று மட்டும் பழகிக்கொள்ளவேண்டும்: நாம் கூடவே நடந்தால் அவர்கள் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். ஒரு சுற்று காட்டிவிட்டு, ‘நீங்களே இன்னொரு முறை பாருங்கள்’ என்று தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஆர்வம் உள்ளவர் அப்போதுதான் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்ப்பார், அளவு நாடாவை எடுப்பார். ‘அருமையான வீடு’ என்று வாய் ஓயாமல் சொன்னவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

தமிழ்த் தம்பதி ஒருவர் பார்க்க வந்தார்கள். கிளம்பும்போது கணவர் தயங்கித் தயங்கி, “அண்ணா, நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாமே, நடுவில் ஏஜென்ட் எதற்கு?” என்றார். “தம்பி, அவர்களுக்குக் கொடுக்கவேண்டியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். அவர்களை விலக்கினால் உங்களுக்கும் லாபம் இல்லை, எனக்கும் இல்லை” என்றேன். கமிஷன் முறையிலும் இந்த யோசனை எளிதல்ல. ஒப்பந்தத்தில் ‘முழு விற்பனை உரிமை’ ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், நாமே ஆளைப் பிடித்தாலும் கமிஷன் கொடுத்தாகவேண்டும்.

விலை கேட்டு வந்தவற்றில் அதிகமானதை நாங்கள் எடுக்கவில்லை. அதைச் சொன்னவர் தன் வீட்டை விற்றுத்தான் எங்கள் வீட்டை வாங்கவேண்டும். அந்த வீட்டை அவர் இன்னும் விளம்பரத்துக்கே விடவில்லை. அடுத்ததாகக் கேட்டவர் வாடகை வீட்டில் இருந்து முதல் வீடு வாங்குகிறவர். கடன் தர வங்கியின் முதற்கட்டச் சம்மதமும், வீட்டுக்கான முன்பணம் இருப்பதைக் காட்டும் கணக்கு அறிக்கையும் கையில் இருந்தன. இந்த ஆவணங்களை ஏஜென்ட் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். நகலை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டபோது, “அவரே இருக்கிறது என்று சொன்னாரே” என்றார் தொலைபேசியில் இருந்த பெண். எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னோம்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். ஸ்காட்லாந்தில் முறை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி முடித்ததும் எதுவும் உறுதியாவதில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும் நாள் வரை யாரும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதுவரை யாராவது புதிதாக விலை கேட்டால் அதையும் விற்பவருக்கு ஏஜென்ட் தெரிவிக்கவேண்டும். அதாவது ‘விற்றாயிற்று’ என்ற பலகை தொங்கும்போதுதான் உண்மையான விற்பனை தொடங்குகிறது. ஆன்லைன் ஏஜென்டுக்கு அந்த நேரத்தில் நம்மிடமிருந்து வரவேண்டிய பணம் எல்லாம் வந்து முடிந்திருக்கும்.

சொலிசிட்டரை நாங்களே தேடிக்கொண்டோம். அவர் அனுப்பிய படிவங்களில் டிஏ6 வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கு நாம் பதில் எழுதிக் கொடுக்கும் அதன் ஜாதகம், டிஏ10 வீட்டோடு விட்டுப்போகும் சாமான்களின் பட்டியல். கழிப்பறைக் காகிதம் மாட்டும் தண்டு இருக்குமா, போகுமா என்றுகூடக் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே நிரப்பினோம், ஆனால் இதில் விட்டுச்செல்வதாக எழுதிய திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனால் அது ஒப்பந்த மீறல்.

டிஏ6தான் ஆளை வாட்டும். 2002 ஏப்ரல் 1க்குப் பிறகு ஜன்னல் மாற்றியிருந்தால், ஜன்னல் பொருத்துபவர்களின் பதிவுத் திட்டமான ஃபென்சாவின் சான்றிதழோ, உள்ளாட்சியின் கட்டட விதிச் சான்றோ காட்டவேண்டும். 2005 முதல் செய்த மின்வேலைக்கும் இதே போல் ஒன்று. எங்கள் ஜன்னல் சான்றிதழைக் காணவில்லை. ஃபென்சாவின் தளத்தில் சிறு கட்டணம் கட்டியதும் நகல் வந்துவிட்டது. எங்களுக்கு முன்பு இருந்தவர் சமையலறைச் சுவரை இடித்ததற்கு மட்டும் எந்தத் தாளும் கிடைக்கவில்லை. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலையே கேட்டுவிடலாம் என்று என் மனைவி தொலைபேசியை எடுத்தபோது, நல்லவேளையாக அதற்குள் சொலிசிட்டரின் மின்னஞ்சல் வந்தது: யாரும் கவுன்சிலைத் தொடர்பு கொள்ளவேண்டாம். இப்படிப்பட்ட குறைக்குக் காப்புறுதி ஒன்று வாங்கி வாங்குபவருக்குக் கொடுப்பது வழக்கம். கவுன்சிலுக்கு விஷயத்தைத் தெரிவித்துவிட்டால் அந்தக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது.

பிறகு வீட்டின் நிலையைச் சோதிக்க வாங்குபவரின் சர்வேயர் வந்தார். ஈரம் அளக்கும் கருவியைச் சுவர் ஓரங்களில் குத்திப் பார்த்தார், அது கீச்சிட்டது. அறிக்கை போன சில நாட்களில் விலைக் குறைப்புக் கேட்டுச் செய்தி. ஏஜென்டின் அலுவலகம் அதை அப்படியே எங்களுக்குத் தள்ளிவிட்டு, ‘என்ன பதில் சொல்லட்டும்?’ என்று கேட்டது. கடைத்தெரு ஏஜென்ட் கமிஷனுக்கு வேலை செய்யும் இடம் இதுதான் என்று அப்போது பட்டது. நல்ல ஏஜென்டாக இருந்தால் வாங்குபவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது நியாயம் எது பேரம் என்று பிரித்திருப்பார். நாங்களே ஈரப்பத நிபுணர் ஒருவரைத் தனியாக அழைத்தோம். தோட்டத்து மண் சுவரின் ஈரத்தடுப்பு மட்டத்துக்கு மேலே ஏறியிருப்பதுதான் காரணம் என்றார். மண்ணை வெட்டி இறக்கினோம், படம் எடுத்து அவர் எழுதிய குறிப்போடு அனுப்பினோம். கேட்டதில் ஒரு சிறு பங்கை மட்டும் குறைத்ததில் பேச்சு முடிந்தது.

அடுத்து வந்த மாதங்கள் காத்திருப்பு. வீட்டைப் பற்றி உள்ளாட்சியின் பதிவுகளில் உள்ளதைச் சொல்லும் தேடல் அறிக்கை வரவில்லை, வங்கியின் கடிதம் வரவில்லை, கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. ஏஜென்டின் ‘விற்பனைத் தொடர்ச்சிப் பிரிவு’க்குப் பேசினால் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. கடைசியில் அவர்கள் மூலமாகவே சம்மதம் கேட்டு, வாங்குபவரின் எண்ணை வாங்கி நேரடியாகப் பேசினேன். எங்கள் சொலிசிட்டர் எப்போதோ அனுப்பிய பதில்களை அவருடைய சொலிசிட்டர் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சில் தெரிந்தது. அன்றிலிருந்து நானும் அவரும் வாரம் ஒருமுறை பேசுவோம்: எந்தக் கேள்வி யார் மேசையில் கிடக்கிறது என்று. மறுநாள் அவரவர் சொலிசிட்டரை அவரவர் தட்டி எழுப்புவோம். விலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்று ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்டோம். அதனால்தான் அந்தப் பேச்சு கடைசி வரை கெடாமல் போனது.

ஒப்பந்தப் பரிமாற்றத்தன்று அவர் பத்து சதவீத முன்பணம் கட்டினார். இனி விலகினால் அது போய்விடும். எங்கள் வீட்டுக் காப்புறுதியைச் சாவி கொடுக்கும் நாள் வரை ரத்து செய்யாமல் வைத்திருந்தோம். பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கு எண்ணைச் சொலிசிட்டரிடம் மின்னஞ்சலில் மட்டும் விடாமல் தொலைபேசியிலும் சொல்லிச் சரிபார்த்தோம். மின்னஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றிப் பணத்தை அடித்துக்கொண்டு போகும் மோசடி வீடு விற்பனையில் அடிக்கடி நடப்பது.

கடைசி நாளில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அலுவலகமே இல்லாத ஏஜென்டிடம் சாவியை எங்கே கொடுப்பது? வாங்குபவர் சாமான் வண்டியோடு வாசலில் நிற்க, நாங்கள் காலி வீட்டுக்குள் நிற்க, பணம் வந்துவிட்டது என்ற சொலிசிட்டரின் அழைப்புக்காக இரு தரப்பும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அழைப்பு வந்ததும் மின்சார, எரிவாயு மீட்டர்களைச் சேர்ந்தே படம் எடுத்துக்கொண்டோம். கொதிகலன் நேரக்கருவியை எப்படித் திருப்புவது என்று காட்டினேன். வங்கிக் கடனை அடைத்துவிட்டு மீதியைச் சொலிசிட்டர் அன்று மாலையே எங்கள் கணக்கில் போட்டார்.

விற்பனைப் பலகையைக் கழற்றுவது மட்டும் ஏஜென்டின் பொறுப்பாக மிச்சம் இருந்தது. விற்பனை முடிந்த 14 நாட்களுக்குள் அதை எடுத்துவிடவேண்டும் என்பது இங்குள்ள விளம்பரப் பலகை விதி. அதற்கும் வெகுநாள் கழித்து வாங்கியவர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் தொங்குகிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டார். ஏஜென்டின் வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவர் அதற்குப் பேசிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை தானே ஏணி போட்டுக் கழற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.