மணலி முதல் பொன்னேரி வரை: பழைய வீட்டின் வயதைச் சைக்கிளில் தேடுவது

கொசஸ்தலையாற்றைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால், திண்ணையும் முற்றமும் வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. எந்த வீட்டைக் கேட்டாலும் "இருநூறு வருஷத்து வீடு" என்பார்கள். அதைச் சரிபார்க்க எது கைகொடுத்தது, எது ஏமாற்றியது என்பதை எழுதி வைக்கிறோம்.

முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். மங்களூர் ஓடு வேய்ந்திருந்தால் அந்தக் கூரை 1865க்கு முந்தியதாக இருக்க முடியாது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது அந்த ஆண்டில்தான். ஓட்டின் அடிப்பக்கம் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். தாழ்வாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே படித்துவிடலாம். பலர் சறுக்குவது இங்கேதான். முத்திரையில் 1865 என்று இருந்தால் அது தொழிற்சாலை பிறந்த ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அதனால் எந்தப் பெயர் பொறித்திருக்கிறது என்பது ஆண்டைவிட நம்பகமான துப்பு. ஆனாலும் புயலில் பறந்த ஓட்டுக்குப் பதிலாக, வேறெங்கோ இடித்த வீட்டின் ஓட்டை வாங்கிப் போடுவது இங்கே சாதாரணம். ஒரே சரிவில் இரண்டு மூன்று முத்திரை கண்டால் அந்தக் கூரையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஓடு கூரைக்கு வயது சொல்லும், சுவருக்குச் சொல்லாது.

நிலைக்கதவுக்கு மேலோ முகப்பிலோ ஆண்டு பொறித்திருந்தால் அதுவே பெரிய புதையல். பெரும்பாலும் வருஷத்தின் பெயர் மட்டும் இருக்கும். 'சாதாரண' என்றால் 1850, 1910, 1970 மூன்றில் எதுவும் ஆகலாம், அறுபது ஆண்டுச் சுற்றாயிற்றே. எது என்று தீர்மானிக்கக் கூரை, செங்கல், பத்திரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலியாண்டு இருந்தால் 3101ஐக் கழிக்கவும், சக ஆண்டு என்றால் 78ஐக் கூட்டவும். கலியாண்டோடு தை, மாசி, பங்குனி மாதம் குறித்திருந்தால் ஆங்கில ஆண்டு பெரும்பாலும் ஒன்று கூடும். தமிழ் எண்களில் ௧, ௭, ௮ மூன்றும் க, எ, அ போலவே இருப்பதால் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துத் தாண்டிவிட வாய்ப்புண்டு. ௲, ௱, ௰ குறிகள் நடுவில் வந்தால் அது எண் என்பதில் சந்தேகமே வேண்டாம். தேய்ந்த எழுத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் பிடித்தால் நிழலில் எழுத்து எழும்பும். மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். அது அடுத்தவர் வீடு. சுண்ணாம்புப் பூச்சும் பாழாகும்.

பிறகு காகிதம். வீடு நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலத்தில், இருந்தால் பழைய நிலவரிப் பதிவில் தனியாக அகப்படாது, முழு நத்தமும் ஒரே புல எண்ணில் கிடக்கும். தனித்தனியாகப் பிரித்து அளந்ததெல்லாம் பின்னால் வந்த நத்தம் சர்வேயில்தான். ஆகவே பட்டாவைவிடக் குடும்பத்திடம் உள்ள பழைய கிரயப் பத்திரமே உதவும். அதன் செக்குபந்தியில் நாலு பக்கமும் யார் வீடு, எந்தத் தெரு, எந்தக் குட்டை என்று எழுதியிருக்கும். 'ஓட்டு வீடு' என்றோ 'கூரை வீடு' என்றோ 'காலிமனை' என்றோ சொல்லியிருப்பதுதான் நமக்கு வேண்டிய வரி. வருவாய்த்துறைக் கணக்கான பசலி ஆண்டு இருந்தால் 590ஐக் கூட்ட வேண்டும். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவதால், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐக் கூட்ட வேண்டும். காணி என்று வந்தால் 1.32 ஏக்கர், அதாவது 24 கிரவுண்டு. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் பார்னார்டு எடுத்த செங்கல்பட்டு ஜாகீர் சர்வே கிராமங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஊர் அப்போது இருந்ததா என்பதற்கு அது சான்று. இந்த வீட்டுக்கு அல்ல.

பத்திரத்து அளவை வீட்டோடு பொருத்தச் சைக்கிள் சக்கரமே போதும். வால்வைத் தரையோடு நேராக வைத்துக் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி மறுபடியும் கோடு போடுங்கள். 700x35 டயரில் ஏறக்குறைய 2.16 மீட்டர் வரும். ஏறி ஓட்டினால் டயர் அமுங்கி அளவு குறையும். அளக்கும்போது தள்ளப் போகிறோம் என்றால் தள்ளியே குறிக்க வேண்டும். 36 கம்பிச் சக்கரத்தில் ஒரு கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டர், மீதிச் சுற்றை அதில் எண்ணிவிடலாம். பழைய புலப்படங்கள் லிங்க்ஸில் இருக்கும்: 100 லிங்க்ஸ் 66 அடி, ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். 54 லிங்க்ஸ் முகப்பு ஐந்து சுற்றுக்கு ஒட்டி வரும். காற்று இறங்கியிருந்தால் கணக்கு பிசகும்.

அளப்பதற்கு முன் திண்ணையில் இருப்பவரிடம் பேசியே ஆக வேண்டும். நில எடுப்பைப் பார்த்த ஊர்கள் இவை. சொல்லாமல் அளப்பவரைக் கண்டால் பயம் வருவது நியாயம். "ஐயா, வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தோம்" என்று தொடங்கி, நோட்டையும் காட்டுவது நல்லது. புல எண்ணையும் பட்டாதாரர் பெயரையும் வெளியே பகிரவே கூடாது.

வழியில் பெரிய தொல்லை டிரெய்லர் லாரிகள். மணலி புதுநகர், நாப்பாளையம் வழியாகப் போகும் சாலையோரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பி கிடக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, மெதுவாகக் காற்று இறங்கும். பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உள்பக்கம் பஞ்சைத் தேய்த்து இழுங்கள்; நூல் சிக்குமிடத்தில் கம்பி இருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் பஞ்சர்தான். வரப்புகளில் சீமைக்கருவேல முள்ளுக்கும் இதே வைத்தியம். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துரு ஏறும், வீடு திரும்பியதும் துடைத்து எண்ணெய் விடவும். கோடையில் நண்பகலுக்குப் பின் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். வடக்கே போய்த் திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும் என்பதால் விடியலில் கிளம்புவதே சரி.

இப்போது நடப்பது செங்கல் கணக்கு. பூச்சு உதிர்ந்த இடத்தில் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுத்து, காரை சுண்ணாம்பா சிமென்டா என்றும் குறித்துக்கொள்கிறோம். ஆண்டு உறுதியாகத் தெரிந்த வீடுகளின் அளவு நோட்டு அட்டவணையின் முதல் பத்தியில், தெரியாதவை இரண்டாம் பத்தியில். முதல் பத்தி இன்னும் சிறியதாகவே இருக்கிறது.