கோப்பாய் வளவில் ஒரு நாற்பதடிக் கம்பம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் கதைப்பது) உரிமம் கையில் கிடைத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உங்கட அன்ரனா எவ்வளவு உயரம்?" என்றுதான். நாற்பது அடி, அதாவது 12 மீற்றர். நான் திருப்பிக் கேட்பது, "நீங்கள் போடப்போவதை எப்படி இறக்குவீர்கள்?" உப்புக் காற்று, இடி மின்னல், மாரிப் புயல், மார்கழிப் பட்டம் எல்லாம் உள்ள ஊர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். கம்பத்தை நிமிர்த்துவது ஒருநாள் கூத்து. நினைத்தபோது இரண்டு மூன்று பேர் சேர்ந்து படுக்கவைக்க முடியாத கம்பம், சில மாரி கழிய பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். என் வளவில் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்துத்தான் தீர்மானித்தேன்.

உரிமக் கதை சுருக்கம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை, பிறகு பாதுகாப்பு அனுமதி, பிறகு 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறி. கருவியை வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் சுங்கத்தில் வந்து நின்றபிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

இங்கே கம்பியும் கம்பமும் வெறும் கம்பியும் கம்பமுமாகப் பார்க்கப்படுவதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரி கொண்டுவரவே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றித்தான் செய்தி கேட்டோம். சுற்றுவது என் வேலை, கேட்பது அப்பாவின் வேலை. அப்படி இருந்த ஊரில் கூரைக்கு மேலே நீளமாகக் கம்பி இழுத்தால் நாலு பேர் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். கிராம சேவகரிடம் உரிமத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவைத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். பிரதேச சபையிலும் சொல்லிவைத்தேன். பலாலி விமான நிலையத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் உயரக் கட்டுப்பாடு உண்டா என்று கட்டாயம் விசாரித்துவிட்டே குழி வெட்ட வேண்டும்.

வீட்டில் ஏற்கனவே ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கம்பம் கிடந்தது. 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபிறகு தூரதர்ஷன் பார்ப்பதற்காக நட்டது. அதையே பாவிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெல்டிங் அண்ணை அடியில் ஓர் அங்குலம் வெட்டிக் காட்டினார். உள்ளே துரு செதில் செதிலாகக் கழன்று கொட்டியது, பைப்பின் சுவர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. "ரீவி அன்ரனாவுக்குப் பரவாயில்லை தம்பி, நீர் சொல்லுற பாரத்துக்குச் சரிவராது" என்றார். புதுப் பைப்தான் வாங்கினோம். கீழ்ப் பாதி இரண்டு அங்குலம், மேல் பாதி ஒன்றரை அங்குலம். மேல் பைப்பைக் கீழ்ப் பைப்புக்குள் இரண்டடி இறக்கி போல்ற் போட்டோம். நீர் உள்ளே போகாமல் உச்சியில் மூடி, போன நீர் வெளியேற அடியில் ஒரு துளை.

இடம் தெரிவுசெய்வதில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. முழு உயரத்தோடு இன்னும் பத்தடி கூட்டி, அந்தத் தூரத்துக்குள் மின்கம்பி வரும் இடங்களையெல்லாம் கழித்தேன். ஐந்து பரப்பு வளவில் கடைசியில் மிஞ்சியது கிணற்றுக்கும் வாழைப் பாத்திக்கும் இடைப்பட்ட துண்டு மட்டும்தான்.

இனி இறக்கி ஏற்றும் பொறி. கிணற்றுத் துலாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: இரண்டு ஆடுகால், நடுவில் அச்சு. நிலத்தில் கொங்கிறீற் போட்டு இரண்டு இரும்புச் சட்டங்களை நிறுத்தினோம். கம்பத்தின் அடி அவற்றுக்கு நடுவே ஒரு தடித்த போல்றில் திரும்பும். நிமிர்ந்து நின்றபின் மேலே இன்னொரு போல்ற் போட்டுப் பூட்டிவிடலாம். கொங்கிறீற் இறுக நாலு கிழமை விட்டேன். மேசனுக்கு அது பெரிய பகிடி.

கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பி மூன்று போதும் என்பதுதான் பொதுவான கணக்கு, 120 பாகைக்கு ஒன்று. நான் நாலு போட்டேன், ஒரு மட்டத்துக்கு நாலாக இரண்டு மட்டத்தில். காரணம் இறக்குவதுதான். கம்பம் திரும்பும் அச்சின் நேர்கோட்டில், அதே மட்டத்தில், இடமும் வலமும் இரண்டு நங்கூரங்களை (இழுகம்பியை நிலத்தில் கட்டும் பிடிகள்) வைத்துவிட்டால் அந்தப் பக்கக் கம்பிகள் ஏற்றும்போதும் இறக்கும்போதும் தளரவோ இறுகவோ மாட்டாது, கம்பம் பக்கவாட்டில் சாயாது. மூன்றாவது பக்கக் கம்பி இறக்கும்போது இளகும், நாலாவது பக்கத்தில்தான் கை வின்ச் (கையால் சுற்றிக் கம்பியை இழுக்கும் உருளை). நங்கூரங்கள் கம்பத்திலிருந்து எட்டு மீற்றரில் உள்ளன. உயரத்தில் 60 முதல் 80 வீதம் வரை தள்ளி வைப்பது நல்லது. மிகக் கிட்ட வைத்தால் இழுகம்பி கம்பத்தைத் தாங்குவதை விட்டுவிட்டுக் கீழ்நோக்கி அமுக்கத் தொடங்கும்.

வின்ச் கம்பியை நேரே கம்பத்தில் கட்டி இழுத்தால் படுத்திருக்கும் கம்பம் அசையாது. இழுவை கம்பத்தோடு ஒட்டிக் கிடையாகப் போவதால் தூக்கும் விசையே கிடைக்காது. அதனால் கம்பத்தின் அடிப்பகுதியில் அதற்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு அடி நீளமான ஓர் உதவிக் கம்பம் பொருத்தி, கம்பியை அதன் உச்சி வழியாக எடுத்தோம். நிலத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் கணத்தில்தான் பாரம் உச்சம், ஏதாவது அறுவதென்றால் அப்போதுதான் அறும். அந்த நேரம் கம்பத்தின் கீழேயோ வின்ச் கம்பியின் நேரிலோ ஒருவரும் நிற்க விடாதீர்கள். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களை மதிலுக்கு வெளியே அனுப்புவதுதான் அன்றைக்குக் கடினமான வேலையாக இருந்தது.

புவியிணைப்புக்கு (எர்த்) வருவோம். புத்தகங்கள் எட்டடிச் செம்புக் கோலை நிலத்தில் அடிக்கச் சொல்கின்றன. எழுதியவர்கள் குடாநாட்டு மண்ணில் சுத்தியல் பிடிக்காதவர்கள். மூன்றடி செம்மண் தாண்டினால் சுண்ணாம்புக்கல், கோல் வளைந்துவிடும். சரி, நட்டுக்குத்தாகப் போகாவிட்டால் படுக்கையாகப் போகட்டும் என்று ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி வெறும் செம்புக் கம்பியைக் கிடத்தினோம். அதை வாழைப் பாத்தி வழியாகக் கொண்டுபோனதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் எல்லாம் அந்தப் பாத்திக்குத்தான் ஓடும், ஆடி வெயிலிலும் அந்த மண் காயாது. காய்ந்த மண்ணை நம்பிப் புவியிணைப்புப் போட்டுப் பயனில்லை. வீட்டு மின்சாரப் புவியிணைப்போடும் இதை இணைத்துவிட வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மின்னல் விழும்போது அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு உங்கள் கருவி வழியாகத்தான் பாயும்.

இனி அயல். 2019இல் ஸ்மார்ட் கம்பங்கள் (5ஜி அலைபரப்பிகள் என்று மக்கள் அஞ்சிய தெருக் கம்பங்கள்) விடயத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு எல்லோருக்கும் ஞாபகம். கொங்கிறீற் போட்ட மறுநாளே பக்கத்து வீட்டு ஆச்சி மதிலடியில் வந்து நின்றார்.

"தம்பி, போன் டவரோ? வருத்தம் வரும் எண்டு சொல்லுறாங்கள்."

"இல்லை ஆச்சி. நான் கதைக்கேக்க மட்டும்தான் இது வேலை செய்யும். மிச்ச நேரம் சும்மா கம்பிதான்."

"ஆரோட கதைக்கப் போறாய்?"

2004 சுனாமியைச் சொன்னேன். தொலைபேசி செத்துக் கிடந்த அம்பாந்தோட்டையை விக்டர் குணதிலக்கவும் அவருடைய ஹாம் நண்பர்களும் குறுஅலையில் கொழும்போடு இணைத்ததை, அதே நாட்களில் போட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண் அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பியதை. ஆச்சிக்குப் பாரதியின் கதைதான் பிடித்தது. ஆனாலும் நாடகம் பார்க்கும் நேரத்தில் ரீவி இழுபடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஏற்றி முடித்த மாலையே அவருடைய நாடக நேரத்தில் 100 வோட்ஸில் அனுப்பிப் பார்த்தோம், என் மகன் அங்கே ரீவி முன்னால். ஒன்றும் ஆகவில்லை. இரைச்சல் வந்தது எனக்குத்தான். நான் கதைக்கும் 7 மெகாஹேர்ட்ஸ் முழுக்க ஒரே சீறல். தேடிப் போனால் ஆச்சி வீட்டு விறாந்தையில் எரியும் மலிவு எல்ஈடி பல்ப். நல்லதாக ஒன்று வாங்கி மாட்டிக் கொடுத்தேன்.

அன்ரனா சாதாரணமானது. 7 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலைநீள டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இரு பாதிக் கம்பி), நடு உச்சியில், இரண்டு முனையும் பக்கவாட்டில் சரிந்து இருபது அடியில். 142.5ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் பிரித்தால் நீளம் மீற்றரில் வரும், 7.1க்கு ஏறத்தாழ 20 மீற்றர். உறையிட்ட கம்பி என்றால் அதைவிடச் சற்றுக் குறையும். எப்போதும் கூட விட்டு வெட்டுங்கள், பிறகு எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி அன்ரனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்த்துப் பார்த்து நறுக்கலாம். 1.5க்குக் கீழே வந்தால் போதும், 1.0ஐத் துரத்திக்கொண்டு நிற்பது வீண். ஒரு முனை வேம்பில், மறு முனை பனையில். பனை காற்றுக்கு ஆடும். இறுக்கிக் கட்டினால் கம்பிதான் அறும். கயிற்றை ஒரு கப்பியில் விட்டு, நுனியில் மணல் நிரப்பிய கான் ஒன்றைத் தொங்கவிட்டேன். பனை ஆடினால் கான் ஏறி இறங்கும், கம்பிக்குச் சேதமில்லை. கயிறு மட்டும் குருநகர்ப் பக்கம் மீன்பிடிச் சாமான் கடையில் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் பச்சை, நீலக் கயிறுகளை நம் வெயில் மாவாக்கிவிடும்.

உச்சியில் இரண்டு மீற்றர் அலைநீள அலைவரிசைக்கு ஒரு சிறிய யாகி (ஒரே திசையை நோக்கும் அன்ரனா), வடக்கு நோக்கி நிரந்தரமாக. காற்றில்லாத வெக்கை நாட்களில் பாக்கு நீரிணைக்கு மேலே அலைகள் வளைந்து போகும், நாகபட்டினம் பக்கம் பக்கத்து ஊர் போலக் கேட்கும். ஒரு சின்ன விடயம்: 80 பாகை கிழக்கு நெடுங்கோடு குடாநாட்டை வெட்டிப் போகிறது. வட்டுக்கோட்டையிலிருந்து கதைத்தால் உங்கள் கட்டம் (ஹாம்கள் இடத்தைக் குறிக்கும் உலக வரைபடக் கட்டம்) எம்ஜே99, கோப்பாய் என்றால் என்ஜே09. கட்டம் சேர்ப்பவர்கள் இரண்டையும் தேடுவார்கள்.

பராமரிப்பில் முதல் எதிரி உப்பு. கடலிலிருந்து தூரம் என்று சொல்ல இந்தக் குடாநாட்டில் இடமில்லை. முதல் வருடம் இறக்கிப் பார்த்தபோது யாகியில் அலுமினியமும் செம்பும் நேரே தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இடையில் துருப்பிடிக்காத எஃகு வளையம் வைத்து, கிரீஸ் பூசினேன். இழுகம்பிக் கிளாம்புகளைத் தடவிப் பார்த்தால் போதாது, ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். துரு கிளாம்புக்குள் ஒளிந்திருக்கும். இறுக்கும் திருகாணிகள் காற்றின் அதிர்வில் தானாகக் கழலும், நடுவே ஒரு கம்பியைக் கோத்து முறுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, கேபிளுக்குள் தண்ணீர். எஸ்டபிள்யூஆர் மழை நாளில் ஏறி வெயிலில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். மேல் இணைப்பை வெட்டிப் பாருங்கள், செம்புப் பின்னல் கறுத்திருக்கும். கறுத்த அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, புது இணைப்பில் தானாக ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சுற்றுகள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தாழ விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வழக்கம். கேபிளை வெளிச் சுவரிலேயே கழற்றும்படி வைத்திருக்கிறேன். வானம் கறுத்தால் கழற்றிப் புவியிணைப்பில் மாட்டிவிடுவது மனைவியின் வேலையும் ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் புரெவி வருகிறது என்றதும் கம்பத்தையே இறக்கினோம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நாலு மடங்கு, அதோடு சூதாடக் கூடாது. புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறியது. எங்களுக்கு வெள்ளமும் ஒரு முருங்கை மரமும்.

கடைசியாகப் பட்டம். வாடை தொடங்கினால் விண் (காற்றில் ஒலி எழுப்பும் நாடா) பூட்டிய பட்டங்கள் இரவிரவாக மேலே நின்று கூவும். நைலோன் நூல் யாகியில் சிக்கினால் அதை இழுப்பவன் பத்து வயதுப் பையன், விடமாட்டான். வளைந்த கம்பியை நிமிர்த்தலாம், ஆனால் அவன் நூலை எடுக்க இழுகம்பியில் ஏறினால்? அதனால் மார்கழி நடுவில் யாகியோடு கம்பத்தைப் படுக்கவைத்துவிடுகிறேன், வருடாந்தப் பரிசோதனையும் அப்போதே. டைபோலை மட்டும் வேம்புக்கும் பனைக்கும் நடுவில் தாழ்வாகக் கட்டிக்கொண்டு காலையில் தமிழ்நாட்டு நண்பர்களோடு கதைக்கலாம், அதற்கு அந்த உயரம் போதும். யாராவது நிமிர்த்துவதைப் பார்க்க விரும்பினால் பொங்கல் கழிந்த கிழமை வாருங்கள். வின்ச் சுற்ற எப்படியும் ஓர் ஆள் தேவை.