வயிறு ஒத்துக்கொள்ளும் தசைவளர்ப்பு உணவு: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

தசை வளர்ப்பதற்கான உணவுத் திட்டம் ஒன்றை இன்று எழுதத் தொடங்குகிறேன். அதற்கு நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: உண்டது அடுத்த வேளைக்குள் செரித்து, மறுபடியும் பசியெடுக்க வேண்டும். அதிகம் சாப்பிட வேண்டிய மாதங்களில் எடை ஏறாமல் போவதற்கு மனவுறுதிக் குறைவே காரணம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. என் கணிப்பில் பழி பெரும்பாலும் செரிமானத்தைச் சேரும். காலையில் உண்டது மதியம் வரை நெஞ்சுக்குள்ளேயே நின்றால் மதிய உணவு பாதியாகிறது. அப்படிக் குறைந்துபோன உணவுகளின் கணக்குதான் வாரக் கடைசியில் எடைபார்க்கும் கருவியில் தெரிகிறது.

முதலில் எண்கள். 2018-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 49 ஆய்வுகளையும் 1,863 பேரின் தரவுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எடைப்பயிற்சி செய்பவர் தினமும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதம் என்ற அளவைத் தாண்டியபின், தசை வளர்ச்சியில் சராசரியாகக் கூடுதல் பலன் தென்படவில்லை என்பது அதன் முடிவு. அந்தக் கணிப்பின் மேல் எல்லை 2.2 கிராம். என் எடை 70 கிலோ என்பதால் எனக்கு 112 கிராம் போதும். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28 கிராம்.

ஒரு வேளையில் 30 கிராமுக்கு மேல் உண்டால் உடல் ஏற்காது என்ற பேச்சை உடற்பயிற்சிக்கூடங்களில் இன்றும் கேட்கலாம். 2023-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், பயிற்சிக்குப் பின் 100 கிராம் பால்புரதம் குடித்தவர்களின் உடல் அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஆகவே நான்காகப் பிரிப்பதற்கு என் முதற்காரணம் வயிற்றின் சௌகரியம்தான்.

ஜூன் 3, செவ்வாய்

அடிப்படைத் திட்டம் இப்படி அமைந்திருக்கிறது. காலையில் மூன்று முட்டையும், 250 மில்லி பாலில் காய்ச்சிய 40 கிராம் ஓட்ஸ் கஞ்சியும் சேர்ந்து சுமார் 31 கிராம் புரதம் தருகின்றன. மதியம் 100 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறி, 250 கிராம் சோறு, கொஞ்சம் வேகவைத்த கேரட். இதில் 36 கிராம். பயிற்சி முடிந்தபின், பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் பொடி ஒரு கரண்டியும் ஒரு வாழைப்பழமும் 25 கிராம். இரவில் 100 கிராம் மீன், 300 கிராம் அவித்த உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் தயிர் ஆகியவை சேர்ந்து 32 கிராம். மொத்தம் 124 கிராம்; தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆனால் இவ்வளவையும் சமையல் எண்ணெயோடு சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 1,950 கிலோகலோரிதான் வருகிறது. என் எடை மாறாமலிருக்கவே சுமார் 2,400 வேண்டும். தசை கூட வேண்டுமானால் அதற்கு மேல் இன்னும் 350. திட்டத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் கவலைப்படும் புரதம் நான்கு எளிய வேளைகளிலேயே முடிந்துவிடுகிறது. மீதமுள்ள 800 கிலோகலோரியை எங்கே வைப்பது என்பதில்தான் வயிறு முரண்டு பிடிக்கிறது. அதைத் தவிட்டுத் தானியங்களாலும் பச்சைக் காய்களாலும் நிரப்ப முனைந்தால், நார்ச்சத்தும் நீரும் இடத்தை அடைத்துக்கொண்டு, கலோரி வந்து சேர்வதற்கு முன்பே போதும் என்ற உணர்வு வந்துவிடும். எண்ணெயால் நிரப்பினால் இடம் குறைவாகத்தான் பிடிக்கும், ஏனெனில் கிராமுக்கு 9 கிலோகலோரி. ஆனால் கொழுப்பு இரைப்பை காலியாகும் வேகத்தைத் தடுக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டு வழிகளை. மதியமும் இரவும் தலா 100 கிராம் வெள்ளைச் சோறு கூடுகிறது. அது 260 கிலோகலோரி. முற்பகலில் ஒரு பானம்: 300 மில்லி பால், ஒரு வாழைப்பழம், நைஸாக அரைத்த 40 கிராம் ஓட்ஸ், 20 கிராம் நிலக்கடலை வெண்ணெய். மிக்ஸியில் ஓடவிட்டால் அது ஒரு பெரிய தம்ளருக்குள் அடங்கிவிடுகிறது, சுமார் 560 கிலோகலோரி தருகிறது. திரவமாக உள்ளே போகும் கலோரி, மென்று தின்பதைப் போல நெடுநேரம் பசியை அடக்காது. எடை குறைக்க நினைப்பவர்களுக்குப் பாதகமான இந்தக் குணம், எடை கூட்ட நினைப்பவருக்கு அப்படியே சாதகமாகிறது.

இத்தனையும் சேர்ந்தபின் புரதம் 150 கிராம் அளவுக்கு உயர்கிறது. அதாவது வே பொடியை எடுத்துவிட்டாலும் 112-க்குக் கீழே போகாது. பொடியை வசதிக்காக வைத்துக்கொள்ளலாம், இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த எண்களின் பக்கம் போகக்கூடாது.

ஜூன் 6, வெள்ளி

பயிற்சி முடிந்து கிளம்பும்போது, உடன் பயிற்சி செய்யும் கல்லூரி மாணவன் ஒருவன், “அண்ணா, பச்சை முட்டையை அப்படியே குடிச்சா சத்து முழுசா சேருமாமே?” என்று கேட்டான். “வேகவெச்சே சாப்பிடு தம்பி, அதுலதான் அதிகம் சேரும்” என்றேன். அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் சிறுகுடலில் செரித்தது. பச்சை முட்டையில் அது 51 சதவீதம் மட்டுமே. சூட்டில் புரத இழைகள் பிரிவதால் செரிமான நொதிகள் அவற்றை எளிதில் வெட்டுகின்றன. பச்சை வெள்ளைக்கருவிலோ அந்த நொதிகளுக்கே தடைபோடும் பொருள்கள் இருக்கின்றன. அதிலுள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து வேறு.

வேகவைக்கும் விதத்திலும் பக்குவம் உண்டு. முட்டையை அடித்து, இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு, தீயை நன்றாகத் தணித்து, அகப்பையால் விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால் சின்னச் சின்னத் திரள்களாகக் கூடிவரும். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மறையும் தறுவாயில் இறக்கிவிட வேண்டும். மீதி வேக்காட்டைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் விட்டால் நீர் பிரிந்து ரப்பர் போலாகிவிடுகிறது. காலை நேரத்தில் அவசரமாக விழுங்குபவர்களுக்கு இந்த மென்மை ஒரு சிறிய உபகாரம்.

ஜூன் 10, செவ்வாய்

இந்தத் திட்டத்தில் பால் இரு இடங்களில் வருகிறது, அதனால் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, உலகின் பெரும்பான்மை மக்களுக்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. வாயுவும் உப்புசமும் வருவது அதனால்தான். ஆனாலும் இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பலரால் ஒரே நேரத்தில் சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு தம்ளர் பாலை, தொந்தரவின்றித் தாங்க முடிகிறது. உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. அரை லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பவர்கள் பாலைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர் இருக்கிறது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸை உடைப்பதில் பங்கெடுத்துக்கொள்கின்றன. வே பொடி வாங்குபவர்கள் கான்சன்ட்ரேட் வகை வயிற்றை உப்பச் செய்தால் இன்னும் சுத்திகரித்த ஐசொலேட் வகைக்கு மாறலாம், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு.

ஜூன் 15, ஞாயிறு

புலால் உண்ணாத நண்பர் ஒருவர் இதே திட்டத்தைத் தனக்கேற்ப மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். முட்டையும் கோழியும் இருந்த இடத்தில் பருப்பை வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் தீரவில்லை. 100 கிராம் வெந்த முழுப்பருப்பில் சுமார் 9 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. வேளைக்கு 28 கிராம் புரதத்தைப் பருப்பிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டுமானால் 300 கிராமுக்கு மேல் உண்ண வேண்டும். அதோடு உள்ளே போகும் நார்ச்சத்து, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 25 கிராமை ஒரே வேளையில் எட்டிவிடும். அந்த வேளைக்குப் பிறகு எடைப்பயிற்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனவே பருப்பு 150 கிராமோடு நின்றுகொள்ளட்டும் என்றேன். மீதிப் புரதம் டோஃபு என்ற சோயாக் கட்டி, கெட்டித் தயிர், பால் ஆகியவற்றிலிருந்து வரட்டும். தோல் நீக்கிய பருப்பாக இருந்தால் நார்ச்சத்து இன்னும் குறையும். புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில், சோற்றின் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும்.

பருப்பும் பயறும் வாயு உண்டாக்குவதற்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. அவை நீரில் கரைபவை என்பதால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவது உண்மையாகவே உதவும். இன்று காலையில் ஊறிய பயறைப் பார்த்தேன்: பயறு இரண்டு மடங்காக உப்பி, தோல் சுருக்கம் நீங்கி, மேலே மங்கலான நுரை கட்டியிருந்தது. நீரை வடித்து, தெளியும் வரை அலசி, புது நீரில் போட்டு, விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் நடுவில் கெட்டி நிற்காமல் மசியும் வரை வேகவைத்தேன். சமையலில் இந்த ஒரு சோதனையைத் தவறவிடக்கூடாது. அரைவேக்காட்டுப் பயறு யாருக்கும் எளிதில் செரிக்காது. சிவப்புக் கிட்னி பீன்ஸ் என்றால் கண்டிப்பு இன்னும் கூடுதல். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கொதிநிலையில் நன்றாக வெந்தால்தான் செயலிழக்கும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைக்கும் ஸ்லோ குக்கரில் அது போதிய அளவு அழியாமல் கடும் வாந்தியை உண்டாக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

பயிற்சி நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கடுமையாக உழைக்கும் தசைகளை நோக்கி இரத்தம் திரும்பும்போது குடலுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. முழு உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது அதனால்தான். இடையில் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். நிலக்கடலையும் பயறும் அந்த நேரத்தில் வேண்டாம். முற்பகல் பானத்தை மாலைக்கு நகர்த்தாமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஜூன் 26, வியாழன்

புரோட்டீன் பார் ஒன்றின் உறையை இன்று முழுவதுமாகப் படித்தேன். புரதம் 20 கிராம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மால்டிட்டால், சார்பிட்டால் ஆகியவை பின்புறம் பொடி எழுத்தில் இருந்தன. இந்தச் சர்க்கரை ஆல்கஹால்கள் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிப்பவை. அளவு கூடினால் வயிற்றுப்போக்கே வரும். “புரதம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை” என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்த இனிப்புகளாக இருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

எடையைத் தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் கணக்கில் கொள்கிறேன். தசையில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், சோற்றைக் கூட்டிய முதல் வாரத்தில் எடை துள்ளுவதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. அதன்பின் வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம், என் விஷயத்தில் 175 முதல் 350 கிராம், ஏறினால் போதுமானது. அதைவிட வேகமாக ஏறுவதில் கொழுப்பின் பங்கு கூடிவிடுகிறது.

என் சராசரி அந்த வரம்பின் கீழ் விளிம்பை ஒட்டியே நகர்கிறது. பசி ஒழுங்காக எடுக்கிறது, உப்புசம் இல்லை, ஆகவே புதிய உணவு எதையும் சேர்க்கப்போவதில்லை. நாளை முதல் மதியச் சோற்றில் இன்னும் 50 கிராமும், இரவு உருளைக்கிழங்கில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் கூடும்; இரண்டும் சேர்ந்து 100 கிலோகலோரிக்குச் சற்று மேல். இதற்கும் வயிறு இடங்கொடுத்தால் இரண்டு வாரம் இப்படியே தொடரும். இரவில் கனமாகத் தோன்றினால் எண்ணெயை மதியத்துக்கு மாற்றிக்கொள்வேன்.