டயர் தட்டுற சத்தத்துல ஒரு குதிரை

போன மாசம் ஒரு நைட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லரோட லைன்ல நிக்கிறேன். பின்னாடி நாப்பதடி பாக்ஸ், அதான் கன்டெய்னர், எக்ஸ்போர்ட் லோடு. லைன் எதுக்கு நிக்குதுன்னு யாருக்கும் தெரியல, முன்னாடி வண்டிக்காரரை கேட்டா அவரு அதுக்கும் முன்னாடி வண்டிய கைய காட்டுறாரு. பதினோரு மணிக்கு எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங் மேல கைய மடிச்சி தலைய சாய்ச்சேன். சீட்டுக்குப் பின்னாடி படுக்க இடம் இருக்கு, ஆனா படுத்தா அசந்துடுவோம், லைன் நகர்ந்துச்சுன்னா பின்னாடி இருக்கிறவன் சந்துல பூந்துருவான், அதனால பதினெட்டு வருஷமா இந்த வேலையில உக்காந்த மேனிக்கு அரைத்தூக்கம்தான்.

அப்பதான் ராணி வந்துச்சு. ரெண்டு பக்கமும் பாக்ஸ் அடுக்கி வச்ச சந்து, நடுவுல நான் அது மேல, சேணம் கிடையாது ஒண்ணும் கிடையாது, பிடரி மயிருக்குள்ள கைய விட்டிருக்கேன், உள்ள அந்த சூடு அப்படியே உள்ளங்கைல தெரியுது. இடது காது முன்னாடி பாக்குது, வலது காது மட்டும் பின்னாடி என் பக்கம் திரும்பியிருக்கு. குதிரையோட பழகினவங்களுக்கு தெரியும், காது இப்படி திரும்பியிருந்தா அது நம்மள கவனிச்சுகினு இருக்குன்னு அர்த்தம். நடந்துகினு இருந்தது திடீர்னு எடுத்துச்சு பாருங்க ஓட்டம், டக் டக் டக், மூணு தட்டு, ஒரு சின்ன கேப், மறுபடி மூணு தட்டு. மெதுவோட்டத்துக்கு ரெண்டு தட்டு, அதுக்கு மேல எடுத்தா மூணு தட்டு, முழு வேகத்துல நாலு. எனக்கு புடிச்சது அந்த மூணு தட்டுதான், தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கும்.

முழிச்சு பாத்தா முன் வண்டி கிளீனர் பையன் ராடு எடுத்துகினு டயர்ல காத்து இருக்கான்னு தட்டிகினு வர்றான். டயருக்கு மூணு தட்டு. அவனை அப்படியே கழுத்தை புடிக்கலாம்னு இருந்துச்சு. என் தொடை ரெண்டும் இறுக்கி புடிச்சிருந்துச்சு, இல்லாத குதிரைய.

1999ல பிளஸ் டூ ஃபெயிலாகிட்டு பழைய வண்ணாரப்பேட்டைல சும்மா சுத்திகினு இருந்தப்ப எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பாய் நாலு குதிரை வச்சிருந்தாரு. முகூர்த்த சீசன்ல மாப்பிள்ளை ஊர்வலம், மத்த நாள்ல சாயங்காலம் மெரினால பசங்கள ஏத்தி சுத்துறது. கொள்ளு வேக வைக்கிறது, சாணி அள்ளுறது, தேய்ச்சு விடுறதுன்னு சேர்ந்தேன். அதுல ராணிதான் ஊர்வலக் குதிரை, வெள்ளை. வெள்ளைன்னு நாம சொல்றோம், அந்த மாதிரி குதிரை பொறக்கும்போது கறுப்பாவோ பழுப்பாவோதான் இருக்குமாம், வயசாக வயசாக வெளுக்கும். இப்ப என் தாடிய பாத்தா அது ஞாபகம்தான்.

பாய் ஒக்கார வச்சு பாடம் எடுக்கிற ஆள் இல்ல, திட்டுறப்ப நாமளா கத்துக்கணும். இடது பக்கமா ஏறணும். வயித்து வாரை இறுக்கும்போது கள்ளி வயித்த உப்பிக்கும், நம்பி ஏறினா சேணத்தோட சேர்த்து சரிஞ்சி விழுவோம், அதனால பத்தடி நடத்திட்டு மறுபடி இறுக்கணும். இதை நான் ரெண்டு தடவ மணல்ல விழுந்துதான் கத்துக்கிட்டேன்.

ஆனா நான் ஏங்குறது மெரினா மணலுக்கு இல்ல, திரும்பி வர்ற வழிக்கு. நைட்டு பத்தரைக்கு கிளம்பினா நேப்பியர் பாலம், கோட்டை, பாரிமுனை, பீச் ஸ்டேஷன், அப்புறம் ராயபுரம், ஒண்ணரை மணி நேரம் ஆகும். ராயபுரத்துல இருந்து 1856லயே வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டாங்க, அந்த பழைய ஸ்டேஷன் பக்கம் வரும்போது ரோட்டுல லாட சத்தத்தை தவிர ஒண்ணும் இருக்காது. பீச் ஸ்டேஷன் தாண்டினதும் பாய் கத்துவாரு, "டேய், லகானை உடு, அதுக்கு ஊடு தெரியும்." விட்டுருவேன். கண்ணு சொக்கும். அது பாட்டுக்கு வீடு கொண்டாந்து சேர்க்கும். இப்ப என் வண்டில இருநூறுக்கு மேல ஹார்ஸ் பவர், ஒரு ஹார்ஸ் பவர்னா 746 வாட்டுன்னு பொண்ணு பிசிக்ஸ் புக்க வச்சு சொல்லுது. இருந்து என்ன, ஸ்டியரிங்ல இருந்து ஒரு செகண்ட் கைய எடுக்க முடியுதா.

ஒரு தடவ ராணிக்கு வயித்து வலி, புரண்டு புரண்டு படுக்குது. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால வயித்து வலின்னா உசுருக்கே ஆபத்து. அந்த ராத்திரியே வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு நடத்திகினு போனோம். பொழச்சிருச்சு. விடியக்காலைல அங்க இருந்த டாக்டர் ஒண்ணு சொன்னாரு. குதிரை நின்னுகினே தூங்கும், கால் மூட்டு அப்படியே லாக் ஆகிக்கும், ஆனா கனவு வர்ற தூக்கம் வேணும்னா அது படுத்தாவணும், தனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சாதான் படுக்கும். நானோ ஸ்டியரிங்ல உக்காந்துகினே கனவு கண்டிருக்கேன்.

2004 சுனாமிக்கு அப்புறம் கொஞ்ச நாள் பீச்சுக்கு கூட்டமே வரல, பாய் ஒண்ணொண்ணா வித்துட்டாரு. ராணி எங்க போச்சுன்னு நான் கேக்கல. அப்புறம் நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தது, யார்டுல சேர்ந்ததெல்லாம் எல்லார் கதையும் போலதான்.

கனவு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ண கூட்டிகினு மெரினா போனேன். ஏறணும்னு முடிவோடதான் போனேன். ஒரு பையன், இருபது வயசு இருக்கும், செவலைக் குதிரை, விலா எலும்பு லேசா தெரியுது. நான் தொண்ணூத்தி நாலு கிலோ. காச கைல வச்சிகினே நின்னேன், மனசு வரல, பொண்ண மட்டும் ஏத்திவிட்டேன். அது ஒரு சுத்து சுத்தி இறங்கினதும் நான் பாட்டுக்கு கிட்ட போயி வயித்து வார்ல ரெண்டு விரல விட்டு பாத்திருக்கேன், எனக்கே தெரியல. பையன் பாத்துட்டான்.

"குதிரை வச்சிருந்தியாண்ணா?"

"டிரெய்லர் ஓட்டுறேன்பா."

"அது இல்லண்ணா. இடது பக்கம் வந்து நின்னியே."

என்ன சொல்றதுன்னு தெரியல. அவன் கயிறை என் கைல குடுத்துட்டு, "அஞ்சு நிமிஷம் புடிண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்"னு போயிட்டான். பிடரிக்கு கீழ கைய வச்சேன். முன்னாடி பாத்துகினு இருந்த காது ஒண்ணு மெதுவா என் பக்கம் திரும்புச்சு.

அஞ்சு நிமிஷம்னு போனவன் வர இருபது நிமிஷம் ஆச்சு. லைன்ல ரெண்டாவது நிமிஷமே ஹாரன் அடிக்கிற ஆளு நான். "போலாம்பா, இருட்டுது"ன்னு பொண்ணு நாலு தடவ சொல்லிருச்சு.