சாவி பெட்டிக்குள்ளேயே

2017, கத்திரி வெயில் நேரம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடியில் ஒற்றை அறை எங்கள் ஆபீஸ். நானும் இன்னொரு பையனும் ஒரு ஏர்கூலரும். காலையில் மேல்விஷாரத்திலிருந்து பாய் போன் செய்தார். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது.

"தம்பி, நாலு நாளா மெயிலே வர்ல. ஜெர்மன்காரன் வாட்ஸ்அப்புல கேக்கறான், கம்பெனி கீதா, மூடிட்டீங்களான்னு. இன்னா ஆச்சு பாரு."

அவருடைய தளத்தைத் திறந்தால் யாரோ ஒருவரின் விளம்பரப் பக்கம் வந்தது. டொமைன், அதாவது தளத்துக்கும் மெயிலுக்குமான இணையப் பெயர், காலாவதி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஹூயிஸில், அதாவது பெயர் யாருடையது, எதுவரை என்று காட்டும் பொதுப் பதிவேட்டில், தேடினால் அடுத்த வருடம் வரை செல்லும் என்று காட்டியது. அரை மணி நேரம் அதிலேயே போனது. அப்புறம்தான் புரிந்தது. டாட் காம் பெயர்களை வைத்திருக்கும் வெரிசைன், கெடு முடிந்த அன்றே தன் கணக்கில் தானாக ஒரு வருடம் கூட்டிவிடும். பெயரை நமக்குப் பதிந்து விற்கும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராருக்கு 45 நாள் அவகாசம். அதற்குள் வாடிக்கையாளர் பணம் கட்டாவிட்டால் அவர்கள் பெயரை அழித்துவிட்டு அந்த வருடத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அழித்த பிறகும் 30 நாள் மீட்பதற்கு வழி உண்டு, ஆனால் அபராதம் கடுமை, அந்த நிலையில் வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. அதுவும் போனால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பாயின் பெயர் காலாவதியாகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நேரம் இருந்தது.

ஹூயிஸில் இன்னொன்றும் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் பாய் இல்லை. காட்பாடியில் ஒரு காலத்தில் வெப்சைட் செய்து கொடுத்த கடையின் பெயர் இருந்தது. முகவரி மட்டும் பாயுடையது, அதிலும் 'வடஆற்காடு மாவட்டம்'. 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனபோது 'வடஆற்காடு அம்பேத்கர்' ஆகி, பிறகு வேலூர் என்று மாறிப்போன பெயர் அது. பழைய லெட்டர்பேடைப் பார்த்து அடித்திருப்பார்கள் போல. கடைக்காரர் கடையை மூடிவிட்டு துபாய் போய் மூன்று வருடம். நினைவு வரும்போது ரெனியூ செய்துவிட்டு, போன் செய்து பணம் கேட்பாராம். இந்த வருடம் நினைவு வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதும் தன் ரிஜிஸ்ட்ரார் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்.

இனி அவர் கணக்கை நம்பி இருக்க வேண்டாம், பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். காலாவதியான பெயரை மாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். பழைய பாக்கி இல்லாத வரை, கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய நிறுவனம் மறுக்கக் கூடாது என்பது இணையப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. டிரான்ஸ்ஃபர் பூட்டை எடுத்துவிட்டு, ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டை வாங்கிப் புது இடத்தில் கொடுத்தால் போதும்.

எங்கள் சிக்கல் அந்தக் கோட்தான். பழைய நிறுவனம் அதைத் திரையில் காட்டவில்லை, பதிவில் இருக்கும் மின்னஞ்சலுக்குத்தான் அனுப்பியது. பதிவில் இருந்த மின்னஞ்சல் எது? அதே டொமைனில் இருந்த 'இன்ஃபோ' முகவரி. டொமைன் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அப்போதெல்லாம் புது நிறுவனமும் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்பும், அதுவும் அதே பெட்டிக்குள்தான் விழும். ரெனியூவல் நினைவூட்டல்கள் எல்லாம் கெடுவுக்கு முன்பே அதற்கு ஒழுங்காக வந்திருக்கின்றன, விளம்பர மெயில் என்று யாரும் திறக்கவில்லை.

மின்னஞ்சலை மாற்றலாமே என்றான் பையன். மாற்றலாம். ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் புது விதி வந்திருந்தது: உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழலாம். 60 நாள் ஜெர்மன்காரன் காத்திருப்பானா? பழைய இடத்திலேயே ரெனியூவலுக்குப் பணம் கட்டினேன். சாயங்காலத்துக்குள் மெயில் உயிர் பெற்றது. நாலைந்து நாள் தேங்கியது எல்லாம் கொட்டியது. சூட்டோடு சூடாக ஆத் கோட் வாங்கி, தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிப் புது இடத்தில் ஏற்றி, அந்தப் பதிவுகளைத் தரும் நேம்சர்வரை மாற்றி, டிரான்ஸ்ஃபரும் போட்டுவிட்டேன். ஐந்து நாளில் முடிந்தது. பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து கணக்குப் பார்த்தேன். பழைய இடத்தில் ஒரு வருடம் கட்டினோம், டிரான்ஸ்ஃபரோடு ஒரு வருடம் கூடும், ஆக இரண்டு வர வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அந்த 45 நாளுக்குள் பெயர் இடம் மாறினால் பழைய ரெனியூவல் ரத்தாகிவிடும். புது இடத்தில் கட்டிய வருடம் மட்டுமே நிற்கும். வெரிசைன் அந்தப் பணத்தைப் பழைய நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அது நம் கைக்கு வருமா என்பது அவர்கள் மனசு. எங்களுக்கு வரவில்லை. மெயில் வந்த பிறகு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் பொறுத்திருந்தால் இந்த இழப்பே இல்லை. அவசரம் என்னுடையது.

பாயிடம் நேரில் போய்ச் சொன்னேன். கீழே மெஷின் சத்தம், தோல் வாசனை. 45 நாள் கதையை அவர் முழுதாகக் கேட்கவில்லை. ஹூயிஸ் காகிதத்தில் உரிமையாளர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு என்னுது, மார்க்கு அவனுதா?"

"இத்தனை நாளா அப்படித்தான் பாய் இருந்தது."

"ஒரு வருசம் போனா போவுது. முதல்ல என் பேரை எழுது."

அன்றே எழுதினேன், வடஆற்காடை எடுத்துவிட்டு வேலூர் என்று. மின்னஞ்சலுக்கு அவர் மகளின் ஜிமெயிலைக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து ராணிப்பேட்டை தனி மாவட்டமானதும் அதையும் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்துப் பணத்தை என் பில்லிலேயே கழித்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.