'நரன்' எழுத மூன்று வாரம்

மூன்று வாரமாக ஒரே ஒரு புள்ளியோடு மல்லுக்கட்டினேன், நேற்று ராத்திரிதான் அது சொன்ன பேச்சைக் கேட்டது. மங்கோலியச் செங்குத்து எழுத்தில் 'ந', அதுவும் சொல்லின் தலையில் வருகிற ந. மேலிருந்து கீழே இறங்கும் தண்டு, அதிலிருந்து நீட்டும் சிறு பல், சொல்லின் முடிவில் வரும் வால் எல்லாம் போன மாதமே கைக்கு வந்துவிட்டன, அதை விடுங்கள். தண்டிலிருந்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் ந. இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் இந்தப் பாடு.

பயிற்சிக்கு எடுத்த சொல் 'நரன்'. அவர்கள் மொழியில் சூரியன். முதல் எழுத்துக்குப் புள்ளி உண்டு; கடைசி ன்-னும் அவர்களுக்கு அதே எழுத்துதான், ஆனால் அங்கே வெறும் வால். பின்னால் உயிர் வந்தால் புள்ளி. மெய் வந்தாலோ சொல் முடிந்தாலோ வழக்கமாகக் கிடையாது. இதே நரனைத் தமிழில் எழுதினால் புள்ளி கடைசியில் அல்லவா விழும்! நமக்கு உயிர் இல்லாத இடத்தில் புள்ளி, அவர்களுக்கு உயிர் வரும் இடத்தில். முதல் வாரம் முழுக்கப் பழக்கதோஷத்தில் வாலுக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு, தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. பிரஷ்ஷில் புள்ளி வைத்தால் மை ஊறிப் பரவிப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் தூரமாக வைத்தால் யாரோ பேனாவை உதறியதுபோல இருக்கிறது. மூங்கில் பேனாவுக்கு மாறினேன். முனை முழுவதும் படும்படி வைத்தால் புள்ளி நீண்டு இன்னொரு பல்லாகவே தெரிகிறது, அது போதாதா தலைவலிக்கு. கடைசியில் கைகொடுத்தது இதுதான்: புள்ளியை அப்போதே வைக்காமல் சொல்லை முழுதாக எழுதி முடித்துவிட வேண்டும், பேனாவை ஒருமுறை கழிவுத்தாளில் ஒற்றி அதிக மையை எடுத்துவிட வேண்டும், பிறகு முனையின் ஒரு மூலையை மட்டும் சாய்வாகத் தொட்டு உடனே தூக்க வேண்டும், இழுக்கவே கூடாது. பல்லின் நுனிக்கும் புள்ளிக்கும் நடுவே பேனா முனையின் பாதி அகலம் இடைவெளி. இதை எந்தக் காணொளியிலும் பார்க்கவில்லை, முழுக்க என் சொந்தச் சரக்கு, கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்!

ஒரு புள்ளிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பவர்களுக்கு: 'எந்தெ' என்றால் இங்கே, 'அதா' என்றால் பேய். இரண்டையும் எழுதினால் ஒரே உருவம்தான். சொல்லின் முதலில் அ-வுக்கு எ-யை விட ஒரு பல் கூடுதல். எந்தெயில் மெய்க்கு முன்னால் நிற்கிற, புள்ளியில்லாத ந் அந்தக் கூடுதல் பல்லாகவே நிற்கிறது. வரியைப் படித்துத்தான் இங்கேயா பேயா என்று முடிவு செய்ய வேண்டும். பழைய மங்கோலியப் பிரதிகளில் உயிருக்கு முன்னால் வரும் ந-வுக்கும் பெரும்பாலும் புள்ளி போட மாட்டார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி கிடையாதே, பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மை விஷயத்தில் ஒரு புலம்பல். கெட்டியான கறுப்பு என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டிய புட்டி, காய்ந்ததும் சாம்பல் நிறம். சாதாரண இந்தியன் இங்க்கில் சில சொட்டுத் தண்ணீர் கலந்ததே எவ்வளவோ மேல். தாளுக்கு நியூஸ்பிரிண்ட் வேண்டவே வேண்டாம், உறிஞ்சித் தள்ளுகிறது.

அடுத்து, ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் செங்கிஸ் கல்லின் ஐந்து வரிகளையும் எழுதிப் பார்க்க ஆசை. 1224-25 வாக்கில் செதுக்கியது. யெசுங்கே என்பவர் 335 அல்தா தூரம் அம்பு எய்தார் என்று பெருமையடிக்கிற கல். இரு கையையும் விரித்த நீளம் ஓர் அல்தா, நம் மீனவர்களின் பாகம் மாதிரி. பெரிய தாளுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன்.

சரி, அதற்கு முன்னால் சொல்லின் நடுவில் வரும் ந பாக்கி இருக்கிறது. மேலும் கீழும் பல் நெருக்குவதால் புள்ளி எந்தப் பல்லுக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. இன்று மட்டும் எட்டுத் தாள் போயிற்று.