கல்யாண ட்ரோனும் பறக்கும் டாக்சியும்

பல்லாவரத்தில் அக்கா மகள் கல்யாணம். மொட்டை மாடியில் போட்டோகிராபர் தம்பி ட்ரோனைத் தூக்கப் பார்க்கிறார், தலைக்கு மேலே விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு மீனம்பாக்கம் போகிறது! "சின்னதுதான் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம், அவ்வளவுதான். விமான நிலையத்தை ஒட்டிய இந்த மாதிரி தடைப்பகுதியில், அதாவது சிவப்பு மண்டலத்தில், மத்திய அரசு அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக்கூடாது.

எனக்கு உறுத்துவது வேறு. ஐஐடி மெட்ராஸில் முளைத்த இ-பிளேன் நிறுவனம் மின்சாரப் பறக்கும் டாக்சி செய்கிறது (வேளச்சேரி டிராபிக்கில் நிற்கும்போது நானும் கனவு கண்டதுண்டு). அதைச் சோதித்துச் சான்று தரவேண்டிய டிஜிசிஏவில் (மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு அமைப்பு) கிட்டத்தட்ட பாதி பணியிடங்கள் காலி என்று 2025-ல் நாடாளுமன்றக் குழுவே சொன்னது. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் அரசு அமைப்பான எஃப்ஏஏ, சான்றளிக்கும் வேலையில் நிறைய பங்கை விமானம் செய்யும் போயிங் நிறுவனத்தின் ஆட்களிடமே விட்டிருந்தது. அப்புறம் 2018, 2019-ல் போயிங்கின் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் போனார்கள். இங்கே 1934 விமானச் சட்டத்தை மாற்றிப் புதுசு கொண்டுவந்தாச்சு, சரி, பார்க்க ஆள் வேண்டாமா?

தம்பி ட்ரோனைப் பையில் வைத்துவிட்டார். அக்காதான் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.